ஏழாவது மிஷனும் கடின நிர்ணய வாரியமும்

மக்களை எவ்வளவு கஷ்டப்படுத்தலாம் என்று அளந்து சொல்வதற்கு ஓர் அலுவலகம் இருக்கிறது என்று போன வருஷம் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். இப்போது சிரிக்க மாட்டேன். அந்த அலுவலகத்து பெஞ்சில் ஒன்பது மாதம் உட்கார்ந்து எழுந்தவன் நான்.

என் பெயர் கார்முகில். சொந்த ஊர் கருவேப்பிலங்குறிச்சி. விருத்தாசலம் தொழிற்பேட்டையில் பீங்கான் ஃபியூஸ் கட்டை செய்யும் யூனிட் ஒன்றில் சூளை பார்க்கிறேன். பற்றவைத்த சூளையை விட்டு நகர முடியாது. பாதியில் அணைத்தால் உள்ளே இருக்கிற சரக்கு மொத்தமும் குப்பைமேட்டுக்குத்தான் போகும். அந்த நேரத்தில் போனில் விளையாடுவேன். ஊர் கட்டி, ஆள் சேர்த்து, எதிரி வந்தால் மடக்குகிற வகை விளையாட்டு. சதுரங்கம் மாதிரி மாற்றி மாற்றிக் காய் நகர்த்துவதெல்லாம் இதில் கிடையாது. நாம் தலையைச் சொறிந்துகொண்டு நின்றால் எதிரி பாட்டுக்கு வந்துகொண்டே இருப்பான். இதை நாமே ஒன்று செய்தால் என்ன என்று தோன்றியது. என்னோடு பாலிடெக்னிக்கில் படித்த மைத்ரேயி சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். அவள் புரோகிராம் எழுத, ஒவ்வொரு மிஷனிலும் என்ன நடக்க வேண்டும் என்று நான் யோசிக்க, மூன்று வருஷத்தில் ‘சூளைக் காவல்’ தயாரானது. மொத்தம் ஏழு மிஷன்.

முதல் ஆறும் சுமார்தான், நானே ஒத்துக்கொள்கிறேன். ஏழாவதுதான் என் உயிர். ஆற்றங்கரை ஊர் ஒன்றில் சூளை பற்றவைத்தாகிவிட்டது. சரக்கு வேக இருபத்திரண்டு நிமிடம் ஆகும். மூன்று பக்கமிருந்தும் கொள்ளைக்காரர்கள் வருகிறார்கள். நம்மிடம் ஆள் குறைவு. எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாது, எதைக் கைவிடுவது என்று நாம்தான் முடிவெடுக்க வேண்டும். எங்கள் யூனிட்டில் ஃபியூஸ் கட்டைகளுக்குப் பளபளப்புப் பூச்சு முக்குகிற ராஜம்மாள் அக்காவிடம் கொடுத்து ஆடிப் பார்க்கச் சொன்னேன். ஐந்து தடவை தோற்றார். நான் வழி சொல்லப் போனபோது, “சொன்னீன்னா பாரு, பூச்சு வாளிய தலைல கவுத்துடுவேன்” என்றார். ஆறாவது தடவை ஜெயித்ததும் அதே வாளியைத் தூக்கிக்கொண்டு யூனிட்டை ஒரு சுற்று சுற்றி வந்தார். அந்த முகத்தைப் பார்க்கத்தான் மூன்று வருஷம் தூக்கம் கெட்டோம் என்பது அன்றைக்குத்தான் எனக்கே புரிந்தது. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

சென்னையில் ஒரு கம்பெனி விளையாட்டை வெளியிட ஒத்துக்கொண்டது. விளையாட்டுக் கடின நிர்ணய வாரியத்தின் சான்றிதழ் வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. முதல் ஆறு மிஷனுக்கும் ஒரே நாளில் சான்றிதழ் வந்துவிட்டது, ஏனென்றால் யாரும் திறந்தே பார்க்கவில்லை. ஏழாவதின் விண்ணப்பத்தில் மட்டும் மைத்ரேயி ‘கடினம்’ என்று உண்மையை எழுதித் தொலைத்துவிட்டாள். மார்ச் முப்பத்தொன்று மாலை ஆறு மணிக்குள் அதற்கும் சான்றிதழ் அனுப்பாவிட்டால் ஏழாவதை வெட்டிவிட்டு ஆறோடு வெளியிடுவோம் என்று கம்பெனி கறாராகச் சொல்லிவிட்டது.

வாரியத்தின் வட்டார அலுவலகம் எங்கள் தொழிற்பேட்டையிலேயே, மூடிப்போன ஒரு டீ கப் யூனிட்டின் ஷெட்டில் இருக்கிறது. ஏன் விருத்தாசலத்தில் என்று கேட்கக் கூடாது. ஷெட் காலியாக இருந்தது, அவ்வளவுதான். பழைய அலமாரிகளில் காது வைக்காத கப்புகள் இன்னும் அடுக்கியபடியே இருக்கின்றன. ஒவ்வொரு மேஜையிலும் அப்படி ஒரு கப் பேனா வைக்க, ஒன்று குண்டூசி வைக்க, ஒன்று மனுதாரர்களின் எரிச்சலைப் பார்த்தபடி சும்மா இருக்க.

கண்காணிப்பாளர் அன்பரசனைத்தான் முதலில் பார்த்தேன். இருபத்தாறு வருஷ சர்வீஸ், பெண்ணாடத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர், நல்ல மனிதர். நாற்பத்திரண்டு கட்டம் உள்ள படிவம் ஒன்றைக் கொடுத்தார். பத்தொன்பதாவது கட்டத்தில் ‘கடினத்தின் அளவு (கிலோவில்)’ என்று இருந்தது. இது எப்படி என்று கேட்டேன். படிவம் வேறொரு துறைக்காக அடித்ததாம், மீந்துபோனதை இங்கே அனுப்பியிருக்கிறார்களாம், மாற்ற உத்தரவு வரவில்லையாம். நான் நான்கு கிலோ என்று எழுதினேன். எடை போட்ட ரசீதை இணைக்கவில்லை என்று படிவம் திரும்பி வந்தது. தராசில் என்னத்தைத் தூக்கி வைப்பது என்று இரண்டு வாரம் முழித்துவிட்டு, கடைசியில் மைத்ரேயியின் லேப்டாப்பைப் பழைய இரும்புக் கடையில் எடை போட்டு ரசீது வாங்கினேன். இரண்டு கிலோ நூறு கிராம். கடினம் பாதியாகக் குறைந்திருப்பதை வாரியம் மகிழ்ச்சியோடு குறித்துக்கொண்டது.

பிறகு நேர்முக விசாரணை. தலைவர் ஆதிநாராயணன் நடுவில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உறுப்பினர் தர்மாம்பாள், ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை. அன்பரசன் குறிப்பெடுத்தார். என் மிஷனை ஆடினால் எத்தனை பேர் தோற்பார்கள் என்று தலைவர் கேட்டார். முதல் தடவை எல்லோருமே தோற்பார்கள், அதுதான் இதில் விசேஷம் என்று சொன்னேன். மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“தம்பி, ஜனங்கள கஷ்டப்படுத்தறதுக்குன்னு ஒரு முறை இருக்குது” என்றார் தலைவர். “அதுக்கு ஆபீசுங்க இருக்குது. டிரெயினிங் எடுத்த ஆளுங்க இருக்காங்க. தனியார் ஆளுங்க இறங்கி அவங்க இஷ்டத்துக்குக் கஷ்டப்படுத்தினா, அப்புறம் நாங்க எதுக்கு?”

தர்மாம்பாள் அம்மா கொஞ்சம் கனிவாகப் பேசினார். வினாத்தாள் மாதிரி இதற்கும் ஒரு திட்டம் வேண்டும் என்றார். நூற்றுக்கு நாற்பது சுலபமான எதிரி, நாற்பது நடுத்தர எதிரி, இருபது யோசிக்க வைக்கிற எதிரி. பாதிப் பேரை அடித்தாலும் பாஸ் போட்டுவிட வேண்டும். “நான் தலைமை ஆசிரியையா இருந்த பதினோரு வருஷத்துல ஒரு புள்ள ஃபெயில் ஆனது இல்ல. ஆகற மாதிரி தெரிஞ்சா டிசி குடுத்து அனுப்பிருவேன்.”

ஆய்வுக்காக ஒரு கம்ப்யூட்டரில் விளையாட்டை ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். ஏற்றிக் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்து முதல் கடிதம் வந்தது.

‘நான்காவது நிமிடத்தில் களிமண் வண்டி ஆற்றங்கரையில் மறிக்கப்படுகிறது. எதிரி முன்னறிவிப்பு எதுவும் வழங்கவில்லை. விளக்கம் தருக.’

எதிரி முன்னறிவிப்பு தர மாட்டான் என்று பதில் எழுதினேன். அடுத்த கடிதம்: ‘ஏழாவது நிமிடம். வரைபடத்தின் பெரும்பகுதி இருட்டாக உள்ளது. தகவல்கள் யாருடைய உத்தரவின் பேரில் மறைக்கப்பட்டுள்ளன?’ ஆள் அனுப்பிப் பார்த்தால் வெளிச்சமாகும் என்று எழுதினேன். ஆள் அனுப்பினால் பயணப்படி எந்தத் தலைப்பில் வழங்குவது என்று கேட்டு அதற்கொரு துணைக் கடிதம் வந்தது. பிறகு: ‘பதினோராவது நிமிடம். வடக்கு வாசலுக்கு எதிரிகள் வந்தது மதிய உணவு இடைவேளையில். இது முறையா?’

எனக்கு அழுகையே வந்தது. மூன்று வருஷ உழைப்பைத் துண்டு துண்டாக நறுக்கப் பார்க்கிறார்களே என்று கடிதங்களையெல்லாம் மைத்ரேயியிடம் கொண்டுபோய்ப் போட்டேன். பேசாமல் எதிரியைப் பாதியாகக் குறைத்துவிடலாம் என்றேன். அவள் கடிதங்களைத் தேதி வரிசையில் அடுக்கி வைத்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

“இது ஆட்சேபணை இல்ல, கார்முகில்” என்றாள். “இவங்க தோத்த இடம். நல்லாப் பாரு. நாலு, ஏழு, பதினொண்ணு. ஆடிக்கிட்டு இருக்காங்க. முன்னேறிட்டு வேற இருக்காங்க.”

எனக்குப் பொட்டில் அடித்தது போல் இருந்தது. அவள் சொன்னது சரி. களிமண் வண்டியைப் பற்றி இரண்டாவது கடிதத்தில் பேச்சே இல்லை, அதற்குள் காவல் போடக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். இருட்டைப் பற்றி மூன்றாவதில் பேச்சு இல்லை. நாற்பத்திரண்டு கட்டப் படிவமும் எடை ரசீதும் கேட்கிற அந்த ஷெட்டுக்குள் யாரோ உட்கார்ந்து என் மிஷனை விடாமல் ஆடிக்கொண்டிருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு தபால்காரருக்காக நான் காத்திருந்த மாதிரி எந்தக் காதலனும் காத்திருக்க மாட்டான். பதினான்காவது நிமிடத்துக் கடிதம் வந்த அன்று நானும் மைத்ரேயியும் பாலக்கரையில் பால்கோவா வாங்கிச் சாப்பிட்டோம். பதினாறாவது நிமிடத்துக் கடிதத்தில் ‘தெற்கு வாசலைக் கைவிட்டும் பயனில்லை’ என்று ஒரு வாக்கியம் இருந்தது. கைவிடக் கற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று மைத்ரேயி கை தட்டினாள். கடிதத்தின் தோரணையும் மாறிக்கொண்டே வந்தது. முன்பெல்லாம் ‘விளக்கம் தருக’ என்று முடியும். பத்தொன்பதாவது நிமிடத்துக் கடிதம் ‘என்னதான் செய்வது?’ என்று முடிந்திருந்தது. கீழே தலைவரின் கையெழுத்தும் முத்திரையும் ஒழுங்காக இருந்தன.

இருபத்தோராவது நிமிடத்தில் அவர்கள் முன்னேற்றம் நின்றுவிட்டது. பிப்ரவரி முழுவதும் ஒரே கடிதம் மூன்று தடவை வந்தது. ‘கச்சேரியில் பன்னிரண்டு காவலர்களை நிறுத்தியும் சூளை வீழ்கிறது. ஏன்?’

படித்துவிட்டு மைத்ரேயி சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். அந்த ஊரின் நடுவில் கச்சேரி என்று ஒரு கட்டடம் வைத்திருக்கிறோம். மணியக்காரர் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிற இடம். அது எரிந்துபோனால் ஆட்டத்தில் ஒரு நஷ்டமும் கிடையாது. ராஜம்மாள் அக்கா இரண்டாவது ஆட்டத்திலேயே அங்கே இருந்த ஆட்களைக் கிளப்பிவிட்டார். “ஆபீசு எரிஞ்சா எரியட்டும், சூளைல சரக்கு இருக்குதுல்ல” என்றார். எங்கள் யூனிட்டில் ஆடிய பதினாறு பேரில் ஒருவர்கூடக் கடைசி வரை கச்சேரிக்குக் காவல் போடவில்லை. வாரியம் மட்டும் இருக்கிற நல்ல வீரர்களையெல்லாம் கச்சேரியைச் சுற்றி நிறுத்திவிட்டு, சூளை ஏன் போகிறது என்று எனக்குக் கடிதம் எழுதியது. ஆபீசை விடலாம் என்பது அவர்களுக்குத் தோன்றவே தோன்றாது. உலகத்தில் அப்படி ஒரு தப்பைச் செய்ய அவர்களால்தான் முடியும்.

மார்ச் முப்பத்தொன்று வந்தது. மத்தியானம் மூன்று மணிக்கு அலுவலகத்துக்குப் போனேன். வாசலில் ‘அலுவலர்கள் கள ஆய்வில் உள்ளனர்’ என்று அட்டை தொங்கியது. பெஞ்சில் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிற மங்களூரிலிருந்து வந்த ஒருவர் தன் மகன் செய்த பாம்பு விளையாட்டுக்குச் சான்றிதழ் கேட்டு ஐந்து தடவை நடந்துவிட்டாராம். பாம்பு நீளமாகிக்கொண்டே போவதற்கு உச்சவரம்பு கேட்டிருக்கிறார்களாம்.

உள்ளே போனேன். கம்ப்யூட்டர் முன்னால் அன்பரசன். அவருக்கு இடப்பக்கம் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தலைவர். வலப்பக்கம் தர்மாம்பாள் அம்மா, கையில் மர ஸ்கேல், அதால் திரையைத் தட்டித் தட்டி எதிரி வருகிற பக்கத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். ஆரம்பத்தில் தலைவர் குறிப்பு எழுதி, தர்மாம்பாள் அம்மா பரிந்துரைத்து, அது அன்பரசனுக்கு வந்த பிறகுதான் ஓர் ஆளை நகர்த்துவார்களாம். அதற்குள் ஊரே எரிந்துவிடுமாம். அப்படிப் பன்னிரண்டு தடவை எரிந்த பிறகு வாய்மொழி உத்தரவு போதும் என்று சுற்றறிக்கை விட்டிருக்கிறார்கள். சுவரில் தோல்விகளின் பட்டியல் ஒட்டியிருந்தது, தேதியோடும் மூவரின் கையொப்பத்தோடும். மொத்தம் முப்பத்தேழு.

ஆறு மணிக்குள் சான்றிதழ் வேண்டும் என்று தலைவரிடம் கெஞ்சினேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆய்வு முடியாமல் எப்படிக் கையெழுத்துப் போடுவது, வாரியமே முடிக்காத ஒன்றை மக்கள் எப்படி முடிப்பார்கள் என்றார். நியாயமாகத்தான் பட்டது. நான்கு மணிக்கு ஓர் ஆட்டம் தோற்றார்கள். நான்கே முக்காலுக்கு இன்னொன்று. தர்மாம்பாள் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஐந்து இருபத்துமூன்றுக்கு நாற்பதாவது ஆட்டத்தை ஆரம்பித்தார்கள்.

நான் பின்னால் நின்று பார்த்தேன். சும்மா சொல்லக் கூடாது, பிரமாதமாக ஆடினார்கள். களிமண் வண்டிக்குக் காவல் போட்டார்கள், இருட்டுக்குள் ஆள் அனுப்பினார்கள், தெற்கைத் தயங்காமல் விட்டார்கள். என் மிஷனை என்னைவிட நன்றாகத் தெரிந்துவைத்திருந்தார்கள். ஆனால் பன்னிரண்டு காவலர்களும் கச்சேரிக்குள்ளேயே இருந்தார்கள். ‘கச்சேரியை விடுங்க சார்’ என்று ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் ஜெயித்துவிடுவார்கள், கையெழுத்து விழும், ஏழாவது மிஷன் பிழைக்கும். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. முப்பத்தொன்பது தடவை தோற்றவர்களிடம் வழி சொன்னால், பிறகு அந்தச் சந்தோஷம் எப்படி அவர்களுடையதாக இருக்கும்? ராஜம்மாள் அக்காவின் வாளி என் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது. வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், என் வாழ்க்கையில் அதைவிடக் கஷ்டமான காரியம் எதையும் நான் செய்ததில்லை.

இருபத்தோராவது நிமிடம். சூளை வாசல் இடிகிறது. கச்சேரிப் பக்கமும் பத்துக் கொள்ளைக்காரர்கள் தீப்பந்தத்தோடு வருகிறார்கள். தலைவர் கச்சேரி, கச்சேரி என்று முனகினார். தர்மாம்பாள் அம்மா ஸ்கேலைக் கீழே போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

அப்போது சுவர்க் கடிகாரத்தில் மணி ஐந்தே முக்கால் ஆனது.

அன்பரசன் இருபத்தாறு வருஷ சர்வீஸில் ஒரு நாள்கூட ஐந்தே முக்காலுக்கு மேல் அலுவலகத்தில் இருந்ததில்லை. ஐந்தே முக்கால் ஆனால் விளக்கை அணைத்து, எல்லோரையும் வெளியே அனுப்பி, பூட்டிச் சாவியை மாட்டுவது அவர் பொறுப்பு. கண் கடிகாரத்தைப் பார்த்ததுதான் தாமதம், கை தானாகப் போனது. திரையில் கச்சேரியைத் தொட்டார், ‘எல்லோரும் வெளியே’ என்ற பொத்தானை அமுக்கினார், இடது கையால் மேஜைக்கு அடியிலிருந்த டிபன் பையை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றார்.

பன்னிரண்டு காவலர்களும் வெளியே வந்தார்கள். உத்தரவு இல்லாத காவலன் பக்கத்தில் எங்கே சண்டை நடக்கிறதோ அங்கே போவான். ஓடினார்கள். சூளை வாசலை இடித்துக்கொண்டிருந்தவர்களைப் பின்னாலிருந்து மடக்கினார்கள். கச்சேரி கொழுந்துவிட்டு எரிந்தது. சூளை வாசல் நின்றது. இருபத்திரண்டாவது நிமிடத்தில் சூளை திறந்து, வெந்த பானைகள் வரிசையாக வெளியே வர, திரையில் ‘சரக்கு பிழைத்தது’ என்று எழுத்து வந்தது.

அன்பரசன் டிபன் பையோடு நின்றபடியே திரையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தர்மாம்பாள் அம்மா அழ ஆரம்பித்தார். தலைவர் அன்பரசனை டிபன் பையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். பெஞ்சில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்து, என்ன ஏது என்று தெரியாமலேயே கை தட்டினார்கள். நானும் அழுதுகொண்டுதான் இருந்தேன்.

இரண்டு நிமிடத்தில் தலைவர் சுதாரித்துக்கொண்டார். மடித்த சட்டைக் கையை இறக்கிப் பொத்தான் போட்டு, நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அன்பரசனைத் தட்டச்சு செய்யச் சொல்லி உத்தரவு சொன்னார். அதை வார்த்தை மாறாமல் தருகிறேன்.

‘மேற்படி மிஷன் வாரியத்தால் முழுமையாக ஆய்வு செய்யப்பட்டது. கடினம்: இல்லை. அலுவலக நேரம் முடிந்தவுடன் வெற்றி தானாகவே கிடைக்கிறது. எந்த மாற்றமும் இன்றி அனுமதிக்கலாம்.’

கையெழுத்துப் போட்டார். ஐந்து ஐம்பத்துமூன்று. நான் போனில் படம் எடுத்து மைத்ரேயிக்கு அனுப்பினேன், அவள் கம்பெனிக்கு அனுப்பினாள். கால் தரையில் படவில்லை எனக்கு. கும்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது தலைவர் தொண்டையைக் கனைத்தார். இன்னொரு தாள் செருகச் சொன்னார். கச்சேரி முழுவதும் எரிந்து நாசமானதற்கும், அங்கே பணியில் இருந்த பன்னிரண்டு பேரையும் மேலதிகாரியின் உத்தரவின்றி வெளியே அனுப்பியதற்கும், கண்காணிப்பாளர் அன்பரசன் மேல் ஏன் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று பதினைந்து நாளில் விளக்கம் தர வேண்டும் என்று மெமோ. அன்பரசன் ஒரு பிழை இல்லாமல் அதைத் தட்டச்சு செய்தார். தலைவரிடம் கையெழுத்து வாங்கினார். பதிவேட்டில் எண் போட்டார். தனக்குத் தானே கொடுத்துக்கொண்டு, பெற்றுக்கொண்டதற்கும் ஒரு கையெழுத்துப் போட்டார்.

பெண்ணாடம் பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டார். என் வண்டியில் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். என்னால்தானே இத்தனையும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. வண்டியை நிறுத்திவிட்டு, மன்னிச்சிடுங்க சார் என்றேன்.

அவர் மெமோவை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். முகத்தைப் பார்த்தேன். மறைக்க முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

“அத்த வுடு தம்பி, ஜெயிச்சிட்டோம்ல” என்றார். “எட்டாவது எப்ப கொண்டாருவ?”

“இன்னும் எழுதல சார். எழுதினா இதவிடக் கஷ்டமா இருக்கும்.”

“இருக்கட்டும்” என்றார் அன்பரசன். “ஃபாரத்துல மட்டும் சுலபம்னு எழுதிட்டு வா. மிச்சத்த நாங்க பாத்துக்கறோம்.”